குற்றவியல் பட்டப்படிப்பில் சேரும் முன்

குற்றவியலை இளங்கலையில் படிக்க விரும்பி ஆலோசனை கேட்டு வரும் மாணவர்களிடம், அதில் என்னென்ன கற்றுத் தருவார்கள் என்று நினைக்கிறீர்கள் எனக் கேட்பது என் வழக்கம். கைரேகை, இரத்தக்கறை, மரபணுச் சோதனை என்றே பெரும்பாலோர் அடுக்குகிறார்கள். அவையெல்லாம் தடயவியலைச் சேர்ந்தவை. வேதியியலிலும் உயிரியலிலும் ஊன்றி நிற்கும் தனித்துறை அது. குற்றம் ஏன் நிகழ்கிறது, எந்தச் செயலைச் சமூகம் குற்றம் என்று வரையறுக்கிறது, தண்டனையால் பயன் விளைகிறதா என்று ஆராயும் சமூக அறிவியலே குற்றவியல். இந்த வேறுபாட்டை முன்கூட்டியே யாரும் எடுத்துச் சொல்லாததால், ஆய்வகத்தை எதிர்பார்த்துச் சேர்ந்த நல்ல மாணவர்கள் முதல் பருவத்திலேயே சோர்ந்துவிடுகிறார்கள்.

பாடத்தின் வேர்கள் பழையவை. தண்டனையின் கடுமையைவிட, அது தப்பாமலும் தாமதமின்றியும் கிடைக்கும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று 1764 இல் இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா வாதிட்டார். பிறவிக் குற்றவாளிகளை உடல் அமைப்பைக் கொண்டே அடையாளம் காணலாம் என்று 1876 இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ எழுதினார். அக்கருத்து பின்னர் நிராகரிக்கப்பட்டது. 1939 இல் அமெரிக்கச் சமூகவியலாளர் சதர்லாண்ட், மதிப்புமிக்க பதவியில் இருப்போர் தம் தொழிலின் வழியே செய்யும் குற்றங்களின் பக்கம் ஆய்வாளர்களின் கவனத்தைத் திருப்பினார். குற்றம் என்றதும் ஏழையின் முகத்தையே கற்பனை செய்யும் பழக்கத்தை மாணவர் கைவிட, இந்த ஒரு பாடமே பெரிதும் உதவும் என்பது என் கருத்து.

எனினும், இப்படிப்பின் உண்மையான பலம் புள்ளிவிவரங்களைப் படிக்கும் முறையில்தான் இருக்கிறது. ஒரு நகரத்தில் குடும்ப வன்முறைப் புகார்கள் ஓராண்டில் இரு மடங்காகின என்று கற்பனையாக ஓர் அட்டவணையைத் தயாரித்துக் கொடுத்து, காரணங்களை எழுதச் சொல்வேன். மது, வேலையின்மை, கடன் என்று தாள்கள் நிறையும். அதே ஆண்டில் அங்கு ஒரு பெண்கள் உதவி மையம் திறக்கப்பட்டது என்ற குறிப்பை அதன் பிறகே தருவேன். எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள். வன்முறை அதிகரிக்காமலே, இத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்தவர்கள் இப்போது புகார் கொடுக்க முன்வந்திருக்கலாம் அல்லவா? காவல் நிலையப் பதிவேட்டில் இருப்பது, அங்கு வந்து சேர்ந்த குற்றங்களின் எண்ணிக்கை மட்டுமே. அதனால்தான் அமெரிக்காவில் 1973 முதலும் பிரிட்டனில் 1982 முதலும், நீங்கள் குற்றத்துக்கு ஆளானீர்களா, அதைக் காவல் துறையிடம் தெரிவித்தீர்களா என்று பொதுமக்களிடமே கேட்டறியும் கணக்கெடுப்புகள் நடத்தப்பட்டு வருகின்றன.

வேலைவாய்ப்பைப் பற்றியும் தெளிவு வேண்டும். இப்பட்டம் மட்டும் ஒருவரைக் காவல் அதிகாரியாகவோ வழக்கறிஞராகவோ ஆக்கிவிடாது. அவற்றுக்குத் தனித் தேர்வும் தனிப் படிப்பும் உண்டு. நன்னடத்தைக் கண்காணிப்பு, சிறைத்துறை, சிறார் நலன், பாதிக்கப்பட்டோருக்கான உதவி, நிதி மோசடித் தடுப்பு, ஆய்வு ஆகிய துறைகளில் இதற்கு இடம் இருக்கிறது என்றாலும், சில பணிகளுக்கு முதுகலையும் தேவைப்படும். குழந்தைகள் மீதான வன்கொடுமைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்க நேரும் என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். தாமே வன்முறைக்கு ஆளான மாணவருக்கு அப்பக்கங்கள் பழைய காயத்தைக் கிளறிவிடக்கூடும் என்பதால், கல்லூரியில் மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ஆய்வு முறையியலும் புள்ளியியலும் கட்டாயப் பாடங்களாக உள்ளனவா, சிறை அல்லது சிறார் இல்லத்தில் களப்பயிற்சி தரப்படுகிறதா என்று விசாரியுங்கள். இரண்டுமே இல்லையென்றால் வேறு கல்லூரியைத் தேடுவதே நல்லது.