பனி விலகுவதற்குள் சிக்னல் போய்விட்டது

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சில இடங்களில் சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு வந்துவிடும். அப்படி ஓரிடத்தில் காரை ஓரம்கட்டி, தங்கப்போகும் வீட்டுக்கு வழி கேட்கலாமென்று அந்த வீட்டின் வெப்சைட்டைத் திறந்த குடும்பத்துக்கு வெறும் வெள்ளைத் திரைதான் தெரிந்திருக்கிறது. வெப்சைட்டைச் செய்தவன் நான். "என்ன தம்பி, போன் நம்பர்கூட வரலையாமே?" என்று வீட்டுக்காரர் மறுநாள் கேட்டார்.

அவர் ஆசைப்பட்டது, ஸ்க்ரோல் செய்யச் செய்யப் படங்கள் பனி விலகுவதுபோல் வர வேண்டும் என்பது. நானும் எல்லாவற்றையும் சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) மறைத்துவைத்து, ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்தை இயக்கும் நிரல்) வந்து ஒவ்வொன்றாகக் காட்டும்படி எழுதியிருந்தேன். அன்று அந்த ஸ்கிரிப்ட் ஃபைல் வந்து சேரவே இல்லை. மறைத்தது மறைந்தபடியே கிடந்தது, போன் நம்பரும் சேர்த்து. இப்போது தலைகீழாகச் செய்கிறேன்: பக்கம் முழுதாகத் தெரியும் நிலையிலேயே வரும். ஸ்கிரிப்ட் வந்த பிறகு, திரைக்குக் கீழே இருப்பதை மட்டும் அதுவே மறைத்துக்கொள்ளும்.

இன்னொரு தப்பு, முகப்பில் இருந்த பெரிய படத்துக்கும் லேஸி லோடிங், அதாவது தேவைப்படும்போது மட்டும் படத்தை இறக்கும் முறை, போட்டது. அப்படிப் போட்டால், அந்தப் படம் திரையில் எங்கே வரும் என்று கணக்குப் போட்ட பிறகே பிரவுசர் அதைக் கேட்கும். முதலில் தெரிய வேண்டிய படம் தாமதமாக வரும். பக்கத்தின் மிகப்பெரிய படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிந்தால்தான் நல்லது என்கிறது கூகுள். லேஸி லோடிங் கீழே உள்ள படங்களுக்கு மட்டும் போதும். அதற்குத் தனி பிளக்இன்னும் வேண்டாம். குரோமில் 2019லேயே வந்துவிட்டது, சஃபாரியில் 2022ல். படத்தின் அகல உயர அளவை மட்டும் மறக்காமல் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் படம் வந்து இறங்கும்போது எழுத்தெல்லாம் கீழே தள்ளிப்போகும், போன் நம்பரை அழுத்தப் போன விரல் வேறெதையோ அழுத்தும்.

எஃபெக்டுக்கு ஸ்க்ரோல் ஈவென்ட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கவும் வேண்டாம். விரல் நகரும்போதெல்லாம் அது நம் ஸ்கிரிப்ட்டை ஓயாமல் கூப்பிடும். விலை குறைந்த போன் திணறிவிடும். இன்டர்செக்‌ஷன் அப்சர்வர் என்ற பிரவுசர் வசதி, படம் திரைக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் மட்டும் தகவல் சொல்லும். ஒருமுறை காட்டியானதும் கவனிப்பதை நிறுத்தச் சொல்லிவிடலாம். அசைவுக்கு டிரான்ஸ்ஃபார்மும் (இடம், அளவை மாற்றுவது) ஒபாசிட்டியும் (மங்கலாக்குவது) போதும். உயரத்தையோ மார்ஜினையோ அசைத்தால் பக்கத்தை மறுபடி மறுபடி அடுக்க வேண்டிவரும்.

அப்புறம், அசைவைக் கண்டால் தலைசுற்றும் ஆட்கள் உண்டு. போன் செட்டிங்கிலேயே அசைவைக் குறைத்து வைத்திருப்பார்கள். அந்த செட்டிங்கைப் பார்த்து நடக்கும் சிஎஸ்எஸ் விதியான மீடியா குவரி ஒன்று எழுதினால் அவர்களுக்கு எஃபெக்ட் நின்றுவிடும். மலைப்பாதையில் ஏற்கெனவே தலைசுற்றி வருகிறவருக்கு, பின்னணியும் முன்படமும் வெவ்வேறு வேகத்தில் நகரும் பாரலாக்ஸ் வேறா?

இப்போதெல்லாம் ஒப்படைக்கும் முன் பிரவுசரின் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் நெட் வேகத்தைக் குறைத்தும், ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தியும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். வீட்டுக்காரர் பனியை விட்டுக்கொடுக்கவில்லை. சரி, கீழே காபித் தோட்டப் படங்களுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.