மவுஸ் சொல்வதும் லினக்ஸ் புரிந்துகொள்வதும்

திரையில் அம்பு எங்கே நிற்கிறது என்பது மவுஸுக்குத் தெரியாது. அதன் அடியில் இருக்கும் சின்னக் கேமரா மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படமெடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, "வலப்பக்கம் 3, கீழே 1" என்று நகர்ந்த அளவை மட்டும் அனுப்பும். மவுஸை நம் கைக்கு ஏற்ப அமைப்பது என்றால், இந்த எண்களுக்கு என்ன பொருள் கொள்வது என்று கணினிக்குச் சொல்வதுதான்.

யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் கருவிகளும் கோப்புகளாகவே தெரியும். லினக்ஸில் 'டெவ்' அடைவுக்குள் 'இன்புட்' அடைவைத் திறந்தால் ஈவென்ட்0, ஈவென்ட்1 என்று வரிசையாகக் கிடக்கும். அவற்றில் ஒன்று உங்கள் மவுஸ். ரூட் உரிமையோடு, அதாவது கணினியின் முழு நிர்வாக உரிமையோடு, 'ஈவிடெஸ்ட்' என்ற சிறு நிரலை ஓட்டி, அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு மவுஸை லேசாக அசைத்துப் பாருங்கள். வரிகள் மளமளவென்று ஓடும். ஒவ்வொன்றிலும் நேரம், வகை, குறியீடு, மதிப்பு என நான்கே விவரங்கள். 64 பிட் கணினியில் மொத்தம் 24 பைட். லினக்ஸ் கற்க வருபவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்தக் காட்சியைத்தான். கை அசைவது எண்ணாக மாறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால், மற்றதெல்லாம் எளிதாகப் பிடிபடும்.

என் மகளுக்கு இடக்கைப் பழக்கம். அவளுக்காகப் பொத்தான்களை மாற்றி வைத்த பிறகும், அவள் வலப் பொத்தானை அழுத்தினால் ஈவிடெஸ்டில் 'வலப் பொத்தான், 273' என்றே வருகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. மாற்றம் நடப்பது அதற்கு மேலே, 'லிப்இன்புட்' என்ற நிரலகத்தில். அது கர்னலின் வரிகளைப் படித்து, இடவலம் மாற்றி, டெஸ்க்டாப்பிடம் தருகிறது. ஆகவே பொத்தான் வேலை செய்யவில்லை என்றால் முதலில் ஈவிடெஸ்டைப் பாருங்கள். அங்கே வரி வந்தால் மவுஸில் பழுதில்லை; கோளாறு மேலே இருக்கும் அமைப்புகளில்.

அம்பின் வேகத்தைத் தீர்மானிப்பதும் லிப்இன்புட்தான். மைனஸ் 1 முதல் 1 வரை ஓர் எண் கொடுக்கலாம். 0 என்பது இயல்புநிலை. இதைவிட முக்கியமானது முடுக்க முறை. 'அடாப்டிவ்' முறையில் கை வேகமாகப் போனால் அதே தூரத்துக்கு அம்பு கூடுதலாகப் பாயும். 'ஃபிளாட்' முறையில் கையின் வேகம் கணக்கில் வராது, தூரம் மட்டுமே. படம் வரைபவர்கள் ஃபிளாட்டை ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். கை போட்ட கணக்கு தப்பாது.

லினக்ஸில் திரையையும் சாளரங்களையும் கவனிக்கும் பழைய ஏற்பாடான எக்ஸ்11-ல் இதையெல்லாம் 'எக்ஸ்இன்புட்' கட்டளையால் மாற்றலாம். ஆனால் வெளியேறி மீண்டும் நுழைந்தால் மாற்றம் போய்விடும். நிலைத்திருக்க, 'எக்ஸார்க்' அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். அதற்கு மாற்றாக வந்த வேலண்டில் டெஸ்க்டாப்பே லிப்இன்புட்டை நேரடியாக இயக்குவதால், அதன் அமைப்புப் பக்கத்தில்தான் மாற்ற முடியும்.

உருளையின் கதை தனி. எக்ஸ்11 உருவான காலத்து மவுஸில் உருளை கிடையாது. பின்னால் அது வந்தபோது, மேலே உருட்டுவதை 4ஆம் பொத்தானாகவும் கீழே உருட்டுவதை 5ஆம் பொத்தானாகவும் கணக்கில் வைத்தார்கள். பொத்தான் என்றால் அழுத்தினோமா இல்லையா என்பது மட்டும்தான். பாதி அழுத்தம் என்று ஒன்றில்லை. 2019இல் வந்த கர்னல் 5.0 ஒரு 'கிளிக்' அளவு உருட்டலை 120 பங்காகப் பிரித்தது. நுண்ணிய உருளை கொண்ட மவுஸ் இப்போது 15, 30 என்று துளித்துளியாகச் சொல்ல, பக்கமும் வரி வரியாகத் தாவாமல் வழுக்கிக்கொண்டு நகர்கிறது.