ஜானி கேக்: கொதிநீரும் ஒரு பெயர்க் குழப்பமும்

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இன்றும் சுடும் மக்காச்சோள அடைக்கு 'ஜானி கேக்' என்று பெயர். கேக் என்றதும் முட்டையும் கிரீமும் நினைவுக்கு வர வேண்டாம். மக்காச்சோள மாவு, உப்பு, கொதிக்கும் நீர், அவ்வளவுதான். சிலர் கொஞ்சம் சர்க்கரையும் சேர்ப்பார்கள். என்னைக் கேட்டால், இதில் அழகான விஷயமே அந்தக் கொதிநீர்தான்.

கோதுமை மாவைப் பிசையும்போது அதன் புரதங்கள் பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற இழுபடும் வலையாகின்றன. மக்காச்சோளத்தின் முக்கியப் புரதமான ஸெய்ன், சாதாரணத் தண்ணீரில் அப்படிப் பின்னாது. பச்சைத் தண்ணீரில் பிசைந்து தட்டினால் ஓரமெல்லாம் வெடித்து உதிரும். கொதிநீர் ஊற்றிப் பாருங்கள், மாவு கைக்கு அடங்கிவிடும். சுமார் 62 முதல் 72 டிகிரி செல்சியஸ் சூட்டில் மாவுச்சத்துத் துகள்கள் நீரைக் குடித்து உப்புகின்றன. உள்ளிருந்து மாவுச்சத்தின் ஒரு கூறான அமைலோஸ் கசிகிறது. அந்தக் கூழ்தான் பசையாகி மாவைப் பிடித்து வைக்கிறது. கொழுக்கட்டை மாவுக்கு வெந்நீர் விட்டுக் கிளறுவதும் இதற்காகத்தான். 1796இல் அமேலியா சிம்மன்ஸ் வெளியிட்ட 'அமெரிக்கன் குக்கரி' நூலின் ஜானி கேக் குறிப்பிலும், பாலைக் காய்ச்சி மாவில் ஊற்றுவதுதான் முதல் வேலை.

ரோட் ஐலண்டில் இதற்கென்றே ஒரு மக்காச்சோளம் உண்டு. நாரகான்செட் பழங்குடியினர் வளர்த்துவந்த வெள்ளை ஃபிளின்ட் ரகம் அது. மணி மிகக் கடினம். மாவுச்சத்தைச் சுற்றிப் புரதம் நெருக்கமாக அடைத்திருப்பதால் நீர் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். அதனால் கலந்த மாவைச் சிறிது நேரம் ஊற விட வேண்டும்.

அப்புறம் கொழுப்பு தடவிய இரும்புக் கல். அவசரப்பட்டுத் திருப்பினால் அடை உடைந்துவிடும். அடிப்பக்கத்து நீர் வற்றி மொறுமொறுவென்று இறுக வேண்டும். மேல்தோல் 140 டிகிரியைத் தாண்டிச் சிவந்தாலும், உள்ளே ஈரம் இருக்கும்வரை சூடு 100ஐத் தாண்டாது. நடுப்பகுதி குழைவாக இருப்பது அதனால்தான். மாநிலத்தின் தென்பகுதியில் கெட்டியாகச் சுடுகிறார்கள். நியூபோர்ட் பக்கம் பால் விட்டு மெல்லியதாக ஊற்றுகிறார்கள்.

சரி, பெயர்? பயணத்துக்குக் கட்டிச் சென்ற 'ஜர்னி கேக்' மருவி ஜானி கேக் ஆனது என்பது பலரும் சொல்லும் கதை. நம்பத் தோன்றும். ஆறிய மாவுச்சத்து மறுபடி இறுகிக் கெட்டிப்படும், நன்கு உலர்ந்த அடையில் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. ஆனால் எழுத்துச் சான்று எதிராக இருக்கிறது. 'ஜானி கேக்' 1739லேயே பதிவாகிவிட்டது, 'ஜர்னி கேக்' அதற்குப் பிறகுதான் தென்படுகிறது. ஷானீ பழங்குடியினரின் பெயரிலிருந்து வந்தது என்போரும் உண்டு. அதற்கு ஒலி ஒற்றுமையைத் தவிர வலுவான ஆதாரம் இல்லை. மக்காச்சோள ரொட்டிக்கு வழங்கிய 'ஜானிகின்' என்ற பழைய வட்டாரச் சொல்லே பின்னாளில் கேக்கோடு சேர்ந்துகொண்டது என்ற விளக்கம்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.