அ முதல் ஃ வரை ஒப்பிக்கும் குழந்தைக்கு எழுத்து தெரியுமா?

என் மகள் நான்கு வயதில் அ, ஆ, இ, ஈ என்று ஆரம்பித்து ஃ வரைக்கும் ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒருநாள் தாளில் ‘எ’ மட்டும் எழுதி இது என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, அ-விலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் எ-வையும் தாண்டி ஔ வரைக்கும் போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்தது ஒரு பாட்டு, அவ்வளவுதான்.

குழந்தையைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. எழுத்து தெரிய வேண்டுமென்றால் கண் ஒரு வடிவத்தை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும், காது பேச்சைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும், அப்புறம் அந்த வடிவமும் இந்தத் துண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள வேண்டும். நாம் வடிவம்தான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு வண்ண வண்ண அட்டைகளாக வாங்கிக் குவிக்கிறோம். பெரிய சிக்கல் காதில் இருக்கிறது.

‘கீ’ என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து ‘கூ’. கூ சொல்லும்போது, க் என்ற ஒலி வெளியே வருவதற்கு முன்பே உதடு குவிந்துவிடுகிறது, அதாவது பின்னால் வரப்போகும் ஊ முன்னாலேயே வந்து கலந்துவிடுகிறது. 1950-களில் அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் பேச்சை ஆராய்ந்தவர்கள் இதை வெட்டிப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். ‘டி’ என்ற ஒலியில் உயிர் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் மெய்யை மட்டும் தனியே எடுக்கப் பார்த்தால், ஒன்று அது இன்னும் ‘டி’ என்றே கேட்கும், இல்லாவிட்டால் பேச்சாகவே இல்லாமல் பறவை கீச்சிடுவது போல ஆகிவிடும். நாம் எழுத்தில் தனித்தனியாக எழுதுகிற ஒலிகள் காற்றில் தனித்தனியாக வருவதில்லை. அப்படியிருக்க, நான்கு வயதுக் குழந்தையிடம் ‘கல்’லில் முதல் ஒலி என்ன என்று கேட்டால் அது நம்மை வினோதமாகப் பார்ப்பதில் என்ன ஆச்சரியம்? அதற்குக் கல் என்பது தூக்கிப் போடுகிற ஒரு பொருள்.

இதை அழகாகக் காட்டிய ஒரு சோதனை உண்டு. 1974-ல் இசபெல் லிபர்மனும் அவருடைய குழுவினரும் குழந்தைகளிடம் ஒரு சிறு குச்சியைக் கொடுத்து, ஒரு சொல்லில் எத்தனை துண்டு இருக்கிறதோ அத்தனை முறை தட்டச் சொன்னார்கள். ஒரு குழுவுக்குத் துண்டு என்றால் அசை (அம்-மா என்பதில் இரண்டு), இன்னொரு குழுவுக்குத் தனி ஒலி. நான்கு வயதுக்காரர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அசைகளைச் சரியாகத் தட்டினார்கள். தனி ஒலியை ஒருவர்கூடத் தட்டவில்லை. ஐந்து வயதில் 17 சதவீதம், முதல் வகுப்பு முடிகிற ஆறு வயதில் 70 சதவீதம்.

வயது ஏற ஏறத் தானாக வந்துவிடும் போலிருக்கிறதே என்று தோன்றும். அதுவும் இல்லை. 1979-ல் ஜோசே மொராயிஸும் கூட இருந்தவர்களும் போர்ச்சுகலில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம், ஒரு சொல்லின் முதல் ஒலியை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். பெரும்பாலோரால் முடியவில்லை. அதே மாதிரிப் பின்னணியிலிருந்து வந்து, வளர்ந்த பிறகு எழுத்துக் கற்றுக்கொண்டவர்களோ நன்றாகவே செய்தார்கள். பிள்ளை குட்டி பெற்று வாழ்நாள் முழுக்கச் சரளமாகப் பேசியவர்களுக்கே தனி ஒலி கேட்கவில்லை என்றால், அந்தக் காது எழுத்தோடு சேர்ந்துதான் திறக்கிறது என்று அர்த்தம். ஆகவே ‘முதலில் ஒலி முழுவதும் வரட்டும், அப்புறம் எழுத்து’ என்று காத்திருப்பதிலும் பொருள் இல்லை, இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிட்டுக்கொண்டுதான் வளர்கின்றன.

தமிழுக்கு இங்கே ஒரு சௌகரியம் இருக்கிறது. நம்முடைய உயிர்மெய் ஒவ்வொன்றும் மெய்யும் உயிரும் சேர்ந்த ஒரு துண்டு, கிட்டத்தட்ட அசை அளவு. லிபர்மனின் குழந்தைகளில் பாதிப் பேருக்கு எட்டியதே அந்த அளவுதான். ‘ப’வின் பெயரும் ப, ஒலியும் ப. ட, ப, ம மூன்றும் ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், பட்டம், மட்டம் என்று படிக்கத் தொடங்கிவிடலாம்.

அந்தப் புள்ளியில்தான் வம்பு. ‘ம்’ என்ற எழுத்துக்கு நாம் சொல்லிக்கொடுக்கிற பெயர் ‘இம்’. குழந்தை கடமையாக ‘ப, ட, இம்’ என்று சேர்த்துப் பார்த்து, படஇம் என்று ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கும். ஆங்கில எழுத்துகளில் ரெபெக்கா ட்ரைமன் செய்த ஆய்வுகள் இதற்கு ஒரு வெளிச்சம் தருகின்றன: ‘பி’ போலப் பெயரின் தொடக்கத்திலேயே தன் ஒலியை வைத்திருக்கும் எழுத்துகளின் ஒலியைக் குழந்தைகள் சுலபமாகப் பிடித்துக்கொள்கிறார்கள், ‘எஃப்’ போலக் கடைசியில் வைத்திருப்பவை கொஞ்சம் கடினம், ‘டபிள்யூ’ போலப் பெயரில் ஒலியே இல்லாதவை இன்னும் கடினம். அந்தக் கணக்கில் நம் இக், இங், இச் பதினெட்டும் எஃப் ஜாதி. பெயரை மாற்ற வேண்டாம், ஆனால் சொல்லுக்குள் வரும்போது வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று இழுத்துக் காட்டினால் போதும். இழுக்க முடிகிற ம், ன், ல், ர், ஸ் போன்ற ஒலிகளிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. ப், ட், க் எல்லாம் வெடித்துவிட்டு ஓடிவிடும், கூட ஒரு உயிரைச் சேர்க்காமல் அவற்றைத் தனியாகச் சொல்லிக் காட்டுவது பெரியவர்களுக்கே சிரமம்.

அடுத்த மலை 216 உயிர்மெய்கள். ஒவ்வொன்றையும் தனிப்படமாக மனப்பாடம் செய்கிற குழந்தைக்கு அது உண்மையிலேயே மலைதான். கி, மி, பி, னி எல்லாவற்றின் தலையிலும் ஒரே கொக்கி இருக்கிறது, எல்லாவற்றிலும் கடைசியில் ‘இ’ கேட்கிறது என்று ஒருமுறை உறைத்துவிட்டால் பாதி மலை கரைந்துவிடும். தனி ஒலி என்ற ஒன்று இருப்பதே பல குழந்தைகளுக்கு அங்கேதான் தட்டுப்படும் என்பது என் எண்ணம். ஆனால் அவசரப்படக் கூடாது. நம்மைப் போலவே உயிர்மெய் எழுத்துகள் கொண்ட கன்னடத்தில் சோனாலி நாக் செய்த ஆய்வில், குழந்தைகள் எழுத்து முழுவதையும் கைக்குக் கொண்டுவர நான்காம் ஐந்தாம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று தெரிந்தது. தமிழில் கன்னடத்தைவிட எழுத்து குறைவு என்றாலும் உகரம் ஒழுங்காக நடந்துகொள்ளாது. கு, சு, து, மு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், எந்தக் குறி உ என்று சொல்லுங்கள் பார்ப்போம். ‘கெ’யில் எ-வின் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘ர’வும் துணைக்காலும் அச்சில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. இவற்றில் தடுமாறுகிற குழந்தை மந்தம் இல்லை, கவனமாகப் பார்க்கிற குழந்தை.

சரி, கண்ணுக்கு வருவோம். மூளையின் இடது பக்கம், பின்புறத்துக்கும் காதோரப் பொட்டுக்கும் இடையே கீழ்ப்பகுதியில் ஒரு சின்ன இடம், படிக்கத் தெரிந்தவர்களிடம் எழுத்தைக் கண்டதும் விழித்துக்கொள்கிறது. பிறக்கும்போது எழுத்துக்கென்று அங்கே எதுவும் ஒதுக்கி வைக்கப்படவில்லை, எழுத்தைக் கண்டுபிடித்தே சில ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியைத்தான் மூளை கொஞ்சம் வளைத்துக்கொள்கிறது. ஸ்தனிஸ்லாஸ் தெஹான் குழுவினர் 2010-ல் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் பெரியவர்களை ஸ்கேன் செய்து பார்த்தபோது, படிக்கும் திறன் கூடக்கூட அந்த இடம் எழுத்துக்கு அதிகமாகவும் முகத்துக்குச் சற்றுக் குறைவாகவும் துலங்கியது.

இந்தப் பழைய வேலைக்கு ஒரு பழைய பழக்கமும் உண்டு. புலி இடப்பக்கம் பார்த்து நின்றாலும் வலப்பக்கம் பார்த்து நின்றாலும் புலிதான், ஓட வேண்டியதுதான். அதனால் கண்ணாடி பிம்பங்களை ஒன்றாகவே எடுத்துக்கொள்ள மூளை பழகியிருக்கிறது. குழந்தை உ-வையோ 3-ஐயோ திருப்பிப் போட்டு எழுதுவது அதனால்தான், கண்ணில் கோளாறு எதுவும் இல்லை, பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆங்கிலத்தின் சிறிய b-யும் d-யும் கண்ணாடி ஜோடி என்பதால் அங்கே குழப்பம் அதிகம். தமிழில் திரும்பிப்போன எழுத்து அநேகமாக வேறு எழுத்தாக ஆவதில்லை. நம் தொல்லை வேறு: எ ஏ, ஒ ஓ, ன ண. இப்படிப்பட்ட ஜோடிகளை ஒரே நாளில் சேர்த்துக் கொடுக்காமல், ஒன்று நன்றாக ஊறிய பிறகு மற்றதைக் காட்டலாம், வரிசை கெட்டுப்போகுமே என்று பயப்பட வேண்டாம், வரிசை அகராதி பார்க்கத்தான் தேவை.

கை எழுதுவதும் கண்ணுக்கு உதவுகிறது. 2012-ல் கரின் ஜேம்ஸ் வெளியிட்ட ஆய்வில், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளைத் தாமாக எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் இழுத்தார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு ஸ்கேனில் பார்த்தால், தாமாக எழுதிப் பழகிய எழுத்துகளைக் கண்டபோதுதான் படிப்புக்கான பகுதிகள் நன்றாக வேலை செய்தன. பதினைந்து குழந்தைகள்தான், சின்ன ஆய்வு. ஆனால் விளக்கம் சுவாரஸ்யம்: குழந்தை எழுதும் எழுத்து ஒவ்வொரு முறையும் ஒரு கோணலில் வருகிறது, இத்தனை கோணலிலும் மாறாமல் இருப்பது எது என்று மூளை பிடித்துக்கொள்கிறது. புள்ளிக்கோட்டில் அந்தக் கோணலுக்கு இடமே இல்லை.

எந்த எழுத்தில் தொடங்குவது என்று கேட்டால், குழந்தையின் பெயரின் முதல் எழுத்து. மற்ற எழுத்துகளைவிட அதைக் குழந்தைகள் முன்னதாகவே தெரிந்துகொள்கிறார்கள் என்று ட்ரைமன் காட்டியிருக்கிறார். கதை படித்துக்காட்டுவது எழுத்தைச் சொல்லித்தந்துவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். அப்போது குழந்தையின் கண் படத்தில்தான் இருக்கிறது, எழுத்துப் பக்கம் ஏறக்குறைய வருவதே இல்லை என்று கண் அசைவைப் பதிவு செய்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இடையிடையே ஒரு சொல்லின் அடியில் விரலை ஓட்டினால் கண் அங்கே வரும்.

என் மகள் தானாக எழுதிய முதல் சொல் ‘அமா’. ம் எங்கே என்று திருத்தப் போய் நிறுத்திக்கொண்டேன். அம்மாவில் உதடு மூடுவது ஒரே ஒரு முறைதான், கொஞ்சம் நேரம் கூட மூடியிருக்கிறது, அவ்வளவே. அவள் கேட்டதைத்தான் எழுதியிருந்தாள். ‘அமா’ என்று படித்துக் காட்டினேன். முகத்தைச் சுளித்து, அப்படி இல்லை, ‘அம்ம்ம்மா’ என்றாள், பென்சிலை எடுத்து இன்னொரு ம-வை இடுக்கில் சொருகினாள். புள்ளி வைக்கவில்லை.