எலியின் எடை குறைந்தது: தீனி குறைந்ததாலா, எரிப்பு கூடியதாலா?

மூளையில் செரட்டோனின் என்னும் நரம்புச் செய்திப் பொருளைக் கூட்டும் மருந்து கொடுத்தால் எலி இளைக்கும். பாதிக் காரணம் எளிது. பசியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸில், செரட்டோனினை ஏற்கும் 5-எச்.டி.2சி ஏற்பிகள் தூண்டப்படுகின்றன, பசி அடங்குகிறது. மீதிக் கேள்விதான் சிக்கல்: மருந்து உடலின் எரிப்பையும், அதாவது ஆற்றல் செலவையும், கூட்டுகிறதா?

இதை அளக்க எலியை மூடிய கூண்டில் விட்டு, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவில் காற்றைச் செலுத்துவார்கள். உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள ஆக்ஸிஜன், கார்பன் டை ஆக்சைடு வேறுபாடே கணக்குக்கு அடிப்படை. 350 கிராம் எலி நிமிடத்துக்கு 7 மி.லி. ஆக்ஸிஜன் எடுத்தால் நாளுக்குச் சுமார் 10 லிட்டர், அதாவது ஏறக்குறைய 49 கிலோ கலோரி. வெளிவரும் காற்றில் ஆக்ஸிஜன் 0.7 சதவீதம்தான் குறையும். அதனால் காற்றை உலர்த்தாமல் அளந்தால் நீராவி ஆக்ஸிஜனை நீர்த்துப்போகச் செய்து, எலி அதிகம் எரித்ததாகக் காட்டிவிடும். வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை எடுத்த ஆக்ஸிஜனால் வகுத்தால் வருவது சுவாச ஈவு. அது 1-ஐ ஒட்டி இருந்தால் மாவுச்சத்து எரிகிறது, 0.7-ஐ ஒட்டினால் கொழுப்பு.

பெரும்பாலும் தவறு நடப்பது ஒப்பீட்டில். தீனி குறைந்தாலே உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும். மருந்து அந்தச் சுருக்கத்தைத் தடுத்திருந்தால், வயிறாரத் தின்ற எலியோடு ஒப்பிடும்போது எந்த மாற்றமும் தெரியாது. ஆகவே மருந்து பெற்ற எலி தின்ற அளவே தீனி பெறும் இன்னொரு குழு கட்டாயம் வேண்டும். அதையும் ஒரே தடவையில் கொட்டக் கூடாது. பசித்த எலி எல்லாவற்றையும் உடனே தின்றுவிட்டு மிச்ச நேரம் பட்டினி கிடக்கும். சுவாச ஈவு காலையில் தானாகவே 0.7-க்கு இறங்கும். அதை மருந்தின் வேலை என்று எழுதிவிடக் கூடாது. பங்கு பிரித்துக் கொடுப்பதே சரி. ஊசி போடும் பதற்றமும் ஆக்ஸிஜன் தேவையை ஏற்றும் என்பதால் உப்புநீர் ஊசி பெறும் குழுவும் தேவை.

அறை வெப்பநிலையைக் குறிப்பிடாத முடிவை நம்பாதிருப்பதே நல்லது. செரட்டோனினைக் கூட்டும் ஃபென்ஃப்ளுரமின் என்ற மருந்து 20 டிகிரியில் எலியின் உடல் வெப்பத்தைக் குறைக்கிறது, 30 டிகிரியில் கூட்டுகிறது. மருந்து ஒன்றே, விடை நேரெதிர்.

எரிப்பு கூடியதற்குத் தெளிவான சான்று, செரட்டோனினைக் கூட்டும் இன்னொரு மருந்தான சிபுட்ரமின். கிலோவுக்கு 10 மி.கி. கொடுத்தபோது எலிகளின் ஆக்ஸிஜன் பயன்பாடு 30 சதவீதம் வரை உயர்ந்து ஆறு மணி நேரம் நீடித்தது. உடலை அவசரத்துக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் தோள்பட்டைகளுக்கு இடையே உள்ள பழுப்புக் கொழுப்பைத் தூண்டி வெப்பம் உண்டாக்குகின்றன. அந்த நரம்புகளின் செய்தியை இடையில் நிறுத்தும் நரம்புக்கணுத் தடுப்பான் கொடுத்தால் அந்த உயர்வு அடங்குகிறது. ஆனால் சிபுட்ரமின், நார்-அட்ரினலின் என்ற இன்னொரு நரம்புச் செய்திப் பொருளை நரம்புகள் திரும்ப உறிஞ்சிக்கொள்வதையும் தடுக்கும் மருந்து. எனவே இந்த வெப்பம் முழுவதையும் செரட்டோனின் கணக்கில் எழுத முடியாது. வளர்ந்த மனிதரிடம் எலி அளவுக்குப் பழுப்புக் கொழுப்பு இல்லாததால், அந்த 30 சதவீதத்தை அப்படியே மனிதருக்குப் பொருத்தவும் முடியாது.