ஸ்டேஷனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டுமா?

“ஒண்ணுமில்ல சார், சும்மா வந்து ஒரு ஸ்டேட்மெண்ட் கொடுத்துட்டுப் போயிடுங்க.” இப்படிப் போன் வந்ததும் பலர் அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பும் முன் ஒன்று கேளுங்கள்: என்னைச் சாட்சியாகக் கூப்பிடுகிறீர்களா, எதிரியாகவா (அதாவது குற்றம் சாட்டப்பட்டவராகவா)? எழுத்தில் சம்மன் கேட்டு வாங்கினாலே விடை தெரிந்துவிடும். அதில் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 179 என்றிருந்தால் சாட்சி. 35(3) என்றிருந்தால் சந்தேகம் உங்கள் மீதே இருக்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன் இவை பழைய சட்டமான சி.ஆர்.பி.சி.யில் 160, 41ஏ. வக்கீல்கள் நாங்களே இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பெண்களையும் 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. விசாரிக்க வேண்டுமென்றால் போலீஸ்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

சரி, போய்விட்டீர்கள். கேட்பதற்கு உண்மையான பதில் சொல்லியாக வேண்டும். ஆனால், எந்தப் பதில் உங்களையே குற்ற வழக்கில் மாட்டிவிடுமோ, அதைச் சொல்ல வேண்டியதில்லை. அரசியல் சாசனத்தின் 20(3) தரும் உரிமை இது. ஒடிசா முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி, போலீஸ் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்ததால் அவர் மீது வழக்குப் போட்டார்கள். அந்த உரிமை கோர்ட் வாசலில் தொடங்குவதல்ல, போலீஸ் விசாரணையிலேயே உண்டு என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காகக் கைரேகை கொடுக்க மாட்டேன் என்று நிற்க முடியாது. 1961-லேயே அதை மறுத்துவிட்டார்கள். உண்மை கண்டறியும் சோதனை வேறு. உங்கள் சம்மதமில்லாமல் நடத்தக் கூடாது என்பது 2010-ன் செல்வி வழக்குத் தீர்ப்பு.

உங்களை மாட்டிவிடும் கேள்விக்கு மௌனமாக இருப்பது உரிமை. பொய் சொல்வது உரிமையில்லை. இதைக் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம் கையெழுத்து. போலீஸ் விசாரணையில் நீங்கள் சொன்னதை எழுதிக்கொள்ளலாம், அதில் உங்களிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. (நீங்களே கொடுக்கும் புகார் வேறு, அதில் கையெழுத்து வேண்டும்.) வெற்றுத் தாளில் போடச் சொன்னால் கண்டிப்பாக வேண்டாம். எதிரி போலீசிடம் ஒப்புக்கொண்டது சாட்சியமாகாது என்று ஒரு தைரியம் பலருக்கு உண்டு. அது பாதிதான் சரி. குற்றப்பத்திரிகை நகலைப் புரட்டினால் கிராம நிர்வாக அலுவலர் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் வாக்குமூலம் இருக்கும். அதன் கடைசியில் அநேகமாக இந்த வரி வரும்: “என்னை அழைத்துச் சென்றால் கத்தியை மறைத்து வைத்த இடத்தைக் காட்டி எடுத்து ஆஜர்படுத்துகிறேன்.” அதன்படி போய்க் கத்தி கிடைத்துவிட்டால், அந்த வரி மட்டும் சாட்சியத்துக்குள் வந்துவிடும். முழு வாக்குமூலமும் இந்த ஒரு வரிக்காகத்தான் எழுதப்படுகிறதோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கூண்டில் கதை மாறுகிறது. சாட்சியாக ஏறியவர், பதில் தன்னைக் குற்றவாளியாக்கும் என்று சொல்லி மறுக்க முடியாது. அப்படிக் கட்டாயத்தில் சொன்ன பதிலை வைத்து, பொய்ச்சாட்சி வழக்கைத் தவிர வேறு வழக்கு அவர் மேல் போட முடியாது என்பதுதான் பாதுகாப்பு. குறுக்கு விசாரணையில் ‘நீங்க அங்கே இல்ல, சரிதானே?’ என்று வக்கீல் கேட்டதற்கு நீங்கள் ‘ஆமா’ என்று தலையாட்டினால், “நான் அங்கே இல்லை என்று சொன்னால் சரிதான்” என்று டைப் ஆகியிருக்கும். படித்துப் பார்த்து, தவறிருந்தால் அங்கேயே சொல்லித் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அதிகம் ஏமாறுவது சுங்கத் துறையிலும் அமலாக்கத் துறையிலும். மேலே சொன்ன கையெழுத்துத் தடை இங்கே கிடையாது, இந்த அதிகாரிகள் சட்டத்தின் கண்ணில் போலீஸ் இல்லை. 2022-ல் உச்ச நீதிமன்றமும் அமலாக்கத் துறை பற்றி அப்படித்தான் சொன்னது. விமான நிலையத்தில் தங்கத்தோடு பிடிபட்டவர், ‘எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள்’ என்று தன் கையாலேயே எழுதித் தருகிறார். அது கோர்ட்டுக்கு வந்து நிற்கும். மிரட்டி வாங்கியிருந்தால், மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் முதல் நாளே வாயைத் திறந்து சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து வக்கீல் மனுப் போட்டால், “அன்னைக்கே ஏன் சொல்லலை?” என்றுதான் முதலில் கேட்பார்கள்.