லுசேர்ன் போகும் பெற்றோருக்கு: எந்த மலை, எந்த உடம்புக்கு?

சுவிட்சர்லாந்தின் லுசேர்ன் உயரமான ஊர் இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 435 மீட்டர். ஏறக்குறைய கோயம்புத்தூரின் உயரம்தான். ஏரிக்கரையில் நின்றால் ஒரு பக்கம் பிலாட்டுஸ், இன்னொரு பக்கம் ரிகி, தெற்கே பனி மூடிய சிகரங்கள் என்று மலைகள் சூழ்ந்து நிற்பதால் எங்கோ உயரத்துக்கு வந்துவிட்டதுபோல் தோன்றும். உடம்பைப் பொறுத்தவரை நாம் இன்னும் சமவெளியில்தான் இருக்கிறோம். மறுநாள் நிலைமை மாறுகிறது. லுசேர்ன் ரயில் நிலையத்திலிருந்து எங்கெல்பெர்க்குக்கு முக்கால் மணி நேரம்; அங்கிருந்து கேபிள் காரில் ஏறக்குறைய அரை மணி நேரம். டிட்லிஸ் மலை நிலையத்தில் கதவு திறக்கும்போது 3,020 மீட்டர் உயரத்தில் அடியெடுத்து வைக்கிறோம். நீலகிரியின் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்.

பொது மருத்துவராக நான் கவலைப்படுவது இந்த ஏற்றத்தைப் பற்றித்தான். கோடை விடுமுறை நெருங்கினால், பெற்றோரைக் குழுப் பயணத்தில் ஐரோப்பாவுக்கு அனுப்பும் பிள்ளைகள் என் அறைக்கு வருவார்கள். "அப்பாவுக்கு எல்லாம் கட்டுப்பாட்டில்தானே இருக்கிறது டாக்டர், போகலாம்தானே?" என்பார்கள். நான் பயணத் திட்டத்தின் தாளை வாங்கிப் பார்ப்பேன். அதில் ஊர்களின் பெயர் இருக்கும், ஹோட்டலின் பெயர் இருக்கும், உணவு சைவமா அசைவமா என்பதுகூட இருக்கும். மலையின் உயரம் இருக்காது. போகலாமா என்று கேட்பதைவிட எந்த மலைக்குப் போகலாம் என்று கேட்பதே சரி. லுசேர்னைச் சுற்றியுள்ள மலைகள் வெவ்வேறு உயரங்களில் இருக்கின்றன. இதய நோயாளிக்கும் அங்கே ஏற்ற மலை உண்டு; தவிர்க்க வேண்டிய மலையும் உண்டு.

மேலே போனால் ஆக்ஸிஜன் குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு எந்த உயரத்திலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். டிட்லிஸ் உயரத்தில் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் 70 சதவீதம். ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குப் போய்ச் சேரும் ஆக்ஸிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு ஆழமாகும். நலமான உடம்பு இதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே முழுத் திறனில் உழைத்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குக் கூடுதலாகக் கொடுக்க எதுவும் இருக்காது.

"விமானத்திலேயே பத்து மணி நேரம் உட்கார்ந்து வந்தாரே, ஒன்றும் ஆகவில்லையே" என்று பலரும் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் அதிகபட்சமாக 2,400 மீட்டர் உயரத்துக்கு ஈடாக இருக்கும்படி வைக்கப்படுகிறது. ஆகவே விமானத்தைத் தாங்கியவர் அதற்குக் கீழே உள்ள மலைகளைப் பெரும்பாலும் தாங்குவார். ஆனால் டிட்லிஸ் அதற்கு மேலே இருக்கிறது. மேலும், விமானத்தில் அவர் கதகதப்பான இருக்கையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மலையில் குளிர்காற்றில் நடப்பார், படி ஏறுவார், பேரக்குழந்தையோடு பனியில் விளையாடுவார்.

இந்தக் கணக்கோடு மலைகளைப் பாருங்கள். ரிகி 1,798 மீட்டர். ஐரோப்பாவின் முதல் மலை ரயில் 1871இல் ஓடத் தொடங்கியது அங்கேதான். லுசேர்னிலிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம் போய் விட்ஸ்னாவ் என்ற கரையோர ஊரில் இறங்கினால், ரயில் உச்சிக்குச் சற்றுக் கீழே வரை கொண்டுபோய் விடும். அதிகம் நடக்க வேண்டியதில்லை. பிலாட்டுஸ் 2,128 மீட்டர். அல்ப்னாக்ஸ்டாட்டிலிருந்து கிளம்பும் அதன் பல்சக்கர ரயில் 1889இலிருந்து ஓடுகிறது, உலகின் மிகச் செங்குத்தான பல்சக்கர ரயில் அதுதான். உச்சியே ஊட்டியை விடச் சற்றுத் தாழ்வுதான். ஊட்டியில் சிரமமில்லாமல் நடந்து திரிந்தவர் பிலாட்டுஸுக்குப் போவதை நான் தடுப்பதில்லை. டிட்லிஸ் வேறு கணக்கு. லுசேர்னிலிருந்து ஒரே நாளில் போய்வரும் யுங்ஃப்ராவ்யோக் இன்னும் மேலே, 3,454 மீட்டர். சில பயணத் திட்டங்களில் இந்த இரண்டும் அடுத்தடுத்த நாள்களில் வருகின்றன. எழுபது வயதைத் தாண்டியவருக்கு இரண்டில் ஒன்று போதும் என்பது என் கருத்து.

1868இல் லுசேர்னில் தங்கிய விக்டோரியா மகாராணி பிலாட்டுஸ் மேல் குதிரையில்தான் ஏறினார். அந்தக் காலத்தில் மலை ஏறுவதற்கு ஒரு பகல் பிடித்தது. உடம்புக்கு முடியவில்லையென்றால் பாதி வழியிலேயே தெரிந்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் நம் மலை ரயிலும் சுவிஸ் பொறியாளர் ரோமான் ஆப்ட் கண்டுபிடித்த பல்சக்கர முறையில்தான் ஏறுகிறது, ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டு. கேபிள் காரில் அந்த அவகாசம் கிடையாது. உடம்பு எச்சரிக்கை தருவதற்குள் உச்சிக்குப் போய்விடுகிறோம்.

என்னிடம் பல ஆண்டுகளாக வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைவு. காலையில் நீர் மாத்திரை ஒன்று சாப்பிட வேண்டும். அதைச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு அடிக்கடி சிறுநீர் போகும். பயணத்தில் பஸ் அதிகாலையிலேயே கிளம்பிவிடுகிறது. இடையில் நிறுத்தச் சொல்ல அவருக்குக் கூச்சம். ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டார். கால் வீங்கியதை நடந்த களைப்பு என்று நினைத்தார். சமமாகப் படுத்தால் மூச்சு வாங்கியதால் இரவில் இரண்டு தலையணை வைத்துப் படுத்ததை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. டிட்லிஸ் மேலே, பனிக்குகைக்குள் நடக்கும்போது மூச்சு முட்டிவிட்டது. கீழே இறக்கி மருத்துவமனையில் சேர்த்து, நுரையீரலில் தேங்கிய நீரை வெளியேற்றிப் பிழைக்க வைத்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் என் எதிரே உட்கார்ந்து, "நாற்பது பேர் பஸ்ஸில் இருக்கும்போது எனக்காக எப்படி நிறுத்தச் சொல்வது டாக்டர்?" என்று கேட்டார். அவரை மூச்சுமுட்ட வைத்ததில் உயரத்துக்குப் பங்கு உண்டு. பெரும் பங்கு அந்தக் கூச்சத்துக்குத்தான்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. நீர் மாத்திரையை ஒருபோதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பயண நாள்களில் எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்கு அதை மாலை அறைக்குத் திரும்பிய பிறகு சாப்பிடும்படி மாற்றிவிட முடியும். பெண்கள் செய்யும் இன்னொரு காரியம், கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது. காய்ந்த மலைக்காற்றில் வேகமாக மூச்சுவிடும்போது உடம்பிலிருந்து நீர் நிறைய வெளியேறும். மயக்கம் வருவதற்கு அதுவே போதும். பிள்ளைகளே, குழுவை நடத்திச் செல்பவரிடம் பயணத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். அம்மா கேட்க மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இரத்தசோகையையும் இங்கே சொல்லியாக வேண்டும். இதய நோயாளிகள் எப்படியும் பரிசோதனைக்கு வந்துவிடுகிறார்கள். "எனக்குச் சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை" என்று சொல்லும் ஐம்பது வயது அம்மாவுக்கு ஹீமோகுளோபின் மிகக் குறைந்து 8 ஆக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஆக்ஸிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். சுமப்பதும் குறைந்து, கிடைப்பதும் குறைந்தால் நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். ஆனால் இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். டிக்கெட் எடுக்கும்போதே பரிசோதனையும் செய்துவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் வந்தால் என்னால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

கோவிட் காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரைப் பலர் மலைக்கும் எடுத்துப் போகிறார்கள். மூவாயிரம் மீட்டரில் நலமாக இருப்பவருக்கே அது 90ஐ ஒட்டிக் காட்டும். விரல் குளிர்ந்திருந்தால் இன்னும் குறைவாகத் தவறாகவும் காட்டும். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆளைப் பாருங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா, உதடு நீலமாகிறதா, நெஞ்சில் பாரம் இருக்கிறதா, பேச்சு குழறுகிறதா என்பவைதான் முக்கியம். கற்பூரத்தைத் துணியில் கட்டி முகர்ந்தால் ஆக்ஸிஜன் கூடும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. கூடாது. மூக்கில் குளிர்ச்சி தெரியும், அவ்வளவுதான். குழந்தை அதை எடுத்து வாயில் போட்டுவிட்டால் வலிப்பு வரும். தயவுசெய்து பையிலிருந்து எடுத்துவிடுங்கள். உயரத்தால் வரும் தலைவலி, குமட்டல் பெரும்பாலும் பல மணி நேரம் மேலே தங்கிய பிறகே தொடங்கும். இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு இறங்குகிறவர்கள் அதற்காகத் தாங்களாகவே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

குளிரும் இதயத்தைத் தொந்தரவு செய்யும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும், ஆஸ்துமாவும் கிளம்பும். இன்ஹேலர், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை, இன்சுலின் பேனா ஆகியவை கோட்டின் உள்பையில், உடம்பின் சூட்டில் இருக்கட்டும். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. பனி, சூரியனின் புற ஊதாக் கதிரை எண்பது சதவீதம் வரை திருப்பி அனுப்பும். வெறும் கண்ணோடு திரிந்தவர்களுக்கு அன்று இரவு கண்ணில் மண்ணைப் போட்டதுபோல் எரியும்; கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்காக இல்லை. காலுக்கு நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும். சேலையோடும் செருப்போடும் பனிக்கட்டித் தரையில் இறங்கி இடுப்பெலும்பு முறிந்தால் பயணம் அத்தோடு முடிந்துவிடும்.

மாரடைப்பு வந்து சில வாரங்களே ஆனவர்கள், சும்மா இருக்கும்போதே நெஞ்சுவலி வருகிறவர்கள், இரண்டு மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறவர்கள், வீட்டில் ஆக்ஸிஜன் பயன்படுத்துகிறவர்கள் ஆகியோரை டிட்லிஸுக்கும் யுங்ஃப்ராவ்யோக்குக்கும் போக வேண்டாம் என்றே சொல்கிறேன். இவர்களில் சிலர் விமானப் பயணத்தையே தள்ளிப்போட வேண்டியிருக்கும். விமானத்துக்குத் தகுதி இருந்தும் உயர்ந்த மலைக்கு இல்லாதவர்களின் முகம் அந்தச் சொல்லைக் கேட்டதும் வாடிவிடும். அவர்களுக்காக நான் ஒரு நாள் திட்டம் சொல்வதுண்டு.

காலையில் காப்பெல் பாலம். ரொய்ஸ் ஆற்றின் மேல் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய, கூரை போட்ட மரப்பாலம். 1993 ஆகஸ்டில் தீப்பிடித்துப் பெரும் பகுதி எரிந்தது. அடுத்த வசந்தத்துக்குள் மறுபடியும் கட்டித் திறந்துவிட்டார்கள். கூரையின் அடியில் முக்கோண மரப்பலகை ஓவியங்கள். தீயில் அழிந்தவற்றின் இடம் பல காலியாகவே இருக்கிறது, அதையும் நின்று பார்க்க வேண்டும். சமதளம், வெயில் படாது, மெதுவாக நடக்கலாம். சற்றுத் தள்ளி ஸ்ப்ராயர் பாலம். கொள்ளைநோய்கள் ஐரோப்பாவை உலுக்கிய 17ஆம் நூற்றாண்டில் தீட்டிய ஓவியங்கள் அங்கே உள்ளன. அரசனையும் ஏழையையும் மரணம் கைபிடித்து அழைத்துப் போகும் காட்சிகள். மருத்துவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் அது. பிறகு பாறையில் குடைந்த சிங்கம்: 1792இல் பாரிஸில் உயிர்விட்ட சுவிஸ் காவல் வீரர்களுக்காகச் சிற்பி தோர்வால்ட்சன் வடிவமைத்தது. ஈட்டி பாய்ந்து சாகும் சிங்கத்தின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. முசெக் கோட்டைச் சுவரைக் கீழிருந்து பார்த்தால் போதும். கோபுரப் படிகள் செங்குத்தானவை. பிற்பகலில் ஏரியில் நீராவிப் படகு. 1901இல் கட்டிய 'ஊரி' போன்ற பழைய துடுப்புச் சக்கரக் கப்பல்கள் இன்னும் ஓடுகின்றன. கரையோர ஊர்களை எல்லாம் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், மலைகளையும் முழுதாகப் பார்க்கலாம். குழு டிட்லிஸுக்குப் போகும் நாளில் இதைச் செய்யலாம், குடும்பத்தில் ஒருவர் துணைக்கு இருந்தால். தாகத்துக்கு, குடிக்கக் கூடாது என்ற பலகை இல்லாத தெருவோர நீரூற்றுகளில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம்.

மருந்துகளை முழுப் பயணத்துக்கும் இங்கிருந்தே, கைப்பையில் கொண்டு போக வேண்டும். சொந்த உபயோகத்துக்கு ஒரு மாதத் தேவை வரை சுவிட்சர்லாந்துக்குள் எடுத்துச் செல்லலாம். இரத்த அழுத்த மாத்திரையை அங்கே சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்க முடியாது. நம் ஊர் வணிகப் பெயர் அவர்களுக்குப் புரியாது. மருந்தின் வேதிப்பெயர் எழுதிய தாள் ஒன்றை மருத்துவரிடம் வாங்கி வைத்திருங்கள். சுவிட்சர்லாந்து போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு அது பணம் தருமா, ஹெலிகாப்டர் மீட்புக்குத் தருமா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். இதய நோயை மறைத்துப் படிவத்தை நிரப்பினால், தேவைப்படும் நாளில் அந்தக் காப்பீடு உதவாமல் போகலாம்.

மேலே போன பிறகு முதல் பத்து நிமிடம் உட்காருங்கள். பிறகு மெதுவாக நடங்கள். நெஞ்சுவலியோ, உட்கார்ந்த பிறகும் அடங்காத மூச்சுத்திணறலோ, தலைசுற்றலோ வந்தால் உடனே மலை நிலைய ஊழியரிடம் சொல்லுங்கள். ஆம்புலன்ஸுக்கு 144, பொது அவசர எண் 112. உட்கார்ந்ததும் சரியாகிவிடும் இலேசான திணறலாக இருந்தாலும் அடுத்த கேபிள் காரிலேயே இறங்கிவிடுங்கள். ஆயிரம் மீட்டர் இறங்கினாலே பெரும்பாலும் வித்தியாசம் தெரியும். குழு மேலேயே இருக்கட்டும், படம் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் இறங்குகிறவரைத் தனியாக அனுப்பாதீர்கள், குடும்பத்தில் ஒருவர் கூடவே இறங்க வேண்டும்.